அம்மா வாங்கிய புதுச் சட்டி

கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்த மூன்றாவது வாரம் ஊருக்குப் போனேன். அடுப்படியில் புது மண்சட்டி ஒன்று, இன்னும் பழக்காதது, கவிழ்த்து வைத்திருந்தது. "உனக்குத்தான். பழைய சட்டியில ஆக்குனா நீ சாப்பிடக் கூடாதாமே?" என்றார் அம்மா. சொன்னது எதிர்வீட்டு அத்தை.

கழுவிய சட்டியே போதும் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. சட்டியைத் திருப்பிக் கொடுக்க அம்மாவுக்கு மனமில்லை. இப்போது அதில்தான் மீன் குழம்பு.

குர்ஆன் விலக்கிய உணவு கொஞ்சம்தான். தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத பெயரில் அறுத்தது (அத்தியாயம் 2, வசனம் 173). போதை தருவதும் கூடாது. நம்மைச் சுற்றியிருப்பவர்கள் போடும் பட்டியல்தான் முடிவதே இல்லை. "அம்மா வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதே" என்றார் தொழ வந்த ஒருவர். பயந்துபோய் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் ஓடினேன். அவர் அஸ்மாவின் கதையைச் சொன்னார். அபூபக்ரின் மகள் அவர். இஸ்லாத்துக்கு வராத தாய் மகளைத் தேடி வந்தபோது, உறவு கொண்டாடலாமா என்று அஸ்மா நபியிடம் கேட்டிருக்கிறார். 'ஆம், உன் தாயோடு சேர்ந்திரு' என்பதுதான் பதில். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அன்று மாலையே அம்மாவுக்கு போன் போட்டேன்.

கோழிக்குச் சிக்கல் இல்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் பாய் கடையில் ஓதி அறுத்தது கிடைக்கிறது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிய அன்றுதான் திண்டாட்டம். எல்லாம் முடிந்த பிறகு போய், புளியமரத்தடியில் அம்மா தூக்குவாளியில் கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். பெரிய மாமா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் கோபம் எனக்குப் புரியாமலில்லை.

ஆண்களுக்குத் தங்கம் ஆகாது, வெள்ளி மோதிரம் போடலாம். பத்தாவது பாஸானதற்குத் தாத்தா போட்ட அரைப் பவுன் மோதிரத்தைக் கழற்றித் தங்கச்சியிடம் கொடுத்தேன். விரலில் அந்த வெளிர் வளையம் மறைய ரொம்ப நாளானது. வங்கியில் தானாக ஏறும் வட்டியை, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைக்குக் கொடுத்துவிடச் சொன்னார் ஹஜ்ரத். சரி, அது சுலபம்.

என்னை உண்மையில் அலைக்கழித்தது நண்டு. அம்மா பிறந்தது நாகப்பட்டினம் பக்கம், நண்டு ரசம் குடித்து வளர்ந்தவன் நான். வேலை பார்ப்பது திண்டுக்கல்லில். இங்கே ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டத்தில் ஒரு வழி. அதன்படி கடல் உயிர்களில் மீன் மட்டும்தான், நண்டு கூடாது. இறாலை மீனில் சேர்க்கலாமா என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. அறையில் கூட இருப்பவரோ காயல்பட்டினம், ஷாஃபி மத்ஹப். கடலில் பிடிப்பது உங்களுக்கு ஆகும் என்கிற 5:96-ஐக் காட்டி மீன், இறால், கணவாய் எல்லாம் ஒரு கை பார்ப்பார். நண்டில் மட்டும் ஷாஃபிகளுக்குள்ளேயும் இரண்டு கருத்து, இவர் ஆகும் என்கிற பக்கம். நான் இரண்டு மத்ஹபிலும் பிறக்காதவன். வாய்க்குப் பிடித்ததற்காக மத்ஹபைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று ஹஜ்ரத் எச்சரித்ததால் ஒரு வருடம் நண்டைத் தொடவில்லை. நான் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை.

போன ஞாயிறு அம்மா போன் செய்தார். "மார்க்கெட்ல நிக்கிறேன். நண்டு உசுரோட துள்ளுது. சீக்கிரம் சொல்லு, இந்த வாரம் நீ திண்டுக்கல்லா, காயல்பட்டினமா?"