ஒத்திகை நாட்கள்: அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து

ஜூன் 2, 2025, திங்கள்

வியாழக்கிழமை வகுப்புக்கு இன்று மூடுவிழா. நான்கு வருடமாக நான் நடத்திய வகுப்பு. விளக்கு அணைத்த அறை, ஒரு மணி நேரம், அறுபது ஸ்லைடு. இரவு டியூட்டி முடித்துவிட்டு வரும் பயிற்சி மருத்துவர்கள் பின்வரிசையில் கண் அசந்துவிடுவார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை.

போன வாரம் நடந்ததுதான் காரணம். இதயம் நின்றுபோன பெரியவரின் மார்பை எவ்வளவு ஆழம் அழுத்த வேண்டும் என்று கேட்டேன். "ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. மாலையில் அதே ஆட்களைப் பயிற்சிப் பொம்மை முன்னால் மண்டியிட வைத்தேன். பொம்மைக்குள் இருக்கும் சென்சார் பலருக்கும் மூன்றரை, நான்கு என்றே காட்டியது. ஒருவர் 140 வேகத்தில் குத்திக்கொண்டிருந்தார். மார்பு மேலே எழும்பவே நேரம் கொடுக்கவில்லை. வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. நான் இத்தனை வருடம் பாடம் எடுத்தது வாய்க்கு மட்டும்தான் போலிருக்கிறது.

இனி வகுப்பறை கிடையாது. நோயாளி படுக்கும் அதே இடத்தில், டியூட்டியில் இருப்பவர்களை வைத்தே பத்து நிமிட ஒத்திகை.

ஜூன் 5, வியாழன்

முதல் ஒத்திகை. மூன்றாம் படுக்கை காலியாக இருந்தது. குழந்தைப் பொம்மையைப் போட்டு, "வயது ஒன்று, எடை 10 கிலோ, நாடி இல்லை" என்று அறிவித்தேன். பயிற்சி மருத்துவர் இருவர், சிஸ்டர் இருவர். ஒரு ஓரமாக நின்று ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேகும் சின்ன மாஸ்க்கும் வந்து சேர 3 நிமிடம் 40 விநாடி. அலமாரி பூட்டியிருந்தது. சாவி ஒரு சிஸ்டரிடம், அவர் சாப்பிடப் போயிருந்தார். இதில் யாருடைய மருத்துவ அறிவைக் குறை சொல்வது?

அடுத்தது இன்னும் மோசம். நின்ற இதயத்தைத் தூண்டக் கொடுக்கும் மருந்து அட்ரினலின். எங்களிடம் இருக்கும் அதன் ஆம்ப்யூலில் (கண்ணாடிக் குப்பியில்) ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். அதில் 9 மில்லி சலைன் கலந்து பத்தாக்க வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 0.1 மில்லிகிராம், அதாவது கலந்ததில் ஒரு மில்லி. முதலாமாண்டுத் தம்பி ஆம்ப்யூலை உடைத்து, கலக்காமல், அப்படியே ஒரு மில்லியை ஏற்றினார். எண் சரி, திரவம் தப்பு. பத்து மடங்கு மருந்து.

பொம்மை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

நேற்று ஒத்திகை முடிந்ததும் பன்னிரண்டு நிமிடம் கலந்துரையாடல் வைத்தோம். உடன் பணிபுரியும் மருத்துவர் ஒருவர் ஓரமாக நின்று நேரம் குறித்திருக்கிறார். இன்று அந்தத் தாளைக் காட்டினார். பன்னிரண்டில் ஒன்பது நிமிடம் நானே பேசியிருக்கிறேன். அறையை மாற்றினேன், ஸ்லைடை விட்டேன், பிரசங்கத்தை மட்டும் விடவில்லை.

ஒத்திகைக்குப் பின் எப்படிக் கலந்துரையாடுவது என்று ஜென்னி ருடால்ஃபும் சகாக்களும் 2006-ல் எழுதிய கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆசிரியர் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும், அதில் தனக்கு என்ன கவலை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், பிறகு எதிராளி அந்த நொடியில் என்ன நினைத்தார் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டும். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடுகிறது. படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம்.

மதியம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "கலக்காமல் ஏற்றியதைப் பார்த்தேன். பத்து மடங்கு போய்விடுமே என்று பதறிவிட்டேன். அப்போது உங்கள் மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "மேடம், முன்னால் வேலை பார்த்த இடத்தில் கலந்து நிரப்பிய சிரிஞ்சாகவே வரும். பத்து கிலோ என்றால் ஒரு மில்லி. கை அதையே செய்துவிட்டது."

அங்கே சரியான கை இங்கே ஆளைக் கொல்லும் கையாகிவிடுகிறது. நேற்று நான் பேசிய ஒன்பது நிமிடத்தில் இது வரவே இல்லை. எனக்கே தெரியாததை எப்படிப் பேசியிருப்பேன்?

மாலையில் அவசர மருந்து டிராலியின் இழுப்பறையைப் பிரித்து அடுக்கினோம். ஆம்ப்யூலோடு 10 மில்லி சிரிஞ்சும் சலைனும் ஒரே பையில். பைமேல் பெரிய எழுத்தில் "கலக்கவும்".

ஜூன் 10, செவ்வாய்

இன்று வேறு முறை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் தீவிர சிகிச்சை மருத்துவரான எலிசபெத் ஹன்ட்டும் குழுவினரும் 2014-ல் எழுதியது. வழக்கமாக ஒத்திகையை முழுதாக ஓடவிட்டு, கடைசியில் உட்கார்ந்து தப்பை அலசுவோம். இவர்கள் பிசகிய இடத்திலேயே நிறுத்துகிறார்கள். திருத்துகிறார்கள். பத்து விநாடி பின்னால் போய் மறுபடி செய்ய வைக்கிறார்கள். பாட்டு வாத்தியார் ஸ்வரம் பிசகினால் கீர்த்தனை முடியட்டும் என்றா காத்திருப்பார்?

எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வேலை. மானிட்டரில் வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் (இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கும் நிலை) தெரிந்ததிலிருந்து ஷாக் கொடுக்கும்வரை. முதல் சுற்றில் 95 விநாடி. ஷாக் கொடுக்கும் மெஷினான டிஃபிப் சார்ஜ் ஆகும்போது எல்லோரும் கையை எடுத்துவிட்டு மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிறுத்தினேன். "சார்ஜ் ஆகும்வரை அழுத்திக்கொண்டே இருங்கள். மறுபடி." ஐந்தாம் சுற்றில் 24 விநாடி. முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அறுபது ஸ்லைடில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆனால் இதை எல்லாவற்றுக்கும் மருந்தாக்க எனக்கு மனமில்லை. ஒரே சரியான வழி உள்ள வேலைக்குப் பொருந்தும். வயிற்று வலியோடு வருபவருக்கு என்ன நோய் என்று யோசிப்பதைப் பத்து விநாடி பின்னால் ஓட்டிச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஜூன் 11, புதன்

பொம்மையின் மார்பு ஸ்பிரிங் உடைந்துவிட்டது. ஐந்து சென்டிமீட்டர், ஐந்து சென்டிமீட்டர் என்று நான் போட்ட சத்தத்தின் பலன். 1960-ல் இந்த வகைப் பொம்மையை முதலில் செய்தவர் ஆஸ்முண்ட் லேர்டால் என்ற நார்வேக்காரர், விளையாட்டுப் பொம்மை செய்கிறவர். மார்புக்குள் ஸ்பிரிங் வைக்கச் சொன்னவர் பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர். எங்கள் துறையின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று பொம்மைப் பட்டறையில் பிறந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் 17, செவ்வாய்

நோயாளிகள் கூட்டம். ஒத்திகைக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. இப்படிப்பட்ட நாளுக்கு 1992-ல் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதிவைத்த "ஒரு நிமிட ஆசிரியர்" முறைதான் கைகொடுக்கிறது. மாணவர் நோயாளியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் நாம் விடையைக் கொட்டக் கூடாது. "என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்?", "எதை வைத்து?" என்று முதலில் அவரைப் பேச வைக்க வேண்டும். அப்புறம் பொதுவான விதி ஒன்று, சரியாகச் செய்தது எது, தப்பியது எது. அவ்வளவுதான்.

இரண்டாமாண்டு மாணவி ஒருவர், "விலாவில் வலி மேடம், அறுபத்தைந்து வயது, பழைய கல் கேஸ், மறுபடி சிறுநீரகக் கல்தான்" என்றார். "எதை வைத்து?" என்றேன். "பழைய சீட்டில் எழுதியிருக்கிறது" என்றார்.

அவரைத் திருத்துவதற்கு முன்னால் என் கதையைச் சொன்னேன். பல வருடங்களுக்கு முன்னால் இதே வலி, இதே போன்ற பழைய சீட்டு. நானும் கல் என்று எழுதி வலி ஊசி போட்டேன். அது கசியத் தொடங்கியிருந்த பெருந்தமனி (வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய்) வீக்கம். அவர் பிழைத்தார், என்னால் அல்ல. அடுத்த ஷிப்டில் வந்த மருத்துவர் வயிற்றின்மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்ததால். இரண்டு நிமிட வேலை.

முதலில் கிடைத்த விவரத்தில் மனம் நங்கூரம் போட்டுவிடுவது, விடை கிடைத்துவிட்டது என்று சீக்கிரமே கதவைச் சாத்திவிடுவது, இதையெல்லாம் பெயர் வைத்துப் பேசலாம் என்று எங்களுக்குக் காட்டியவர் கனடாவின் அவசர சிகிச்சை மருத்துவர் பாட் கிராஸ்கெரி. 2003-ல் அவர் எழுதிய கட்டுரை இன்னும் என் மேசையில் இருக்கிறது. பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் தப்பு நின்றுவிடாது என்பது என் அனுபவம். ஆனால் சீனியர் ஒருவர் "நானும் தவறினேன்" என்று சொன்ன பிறகு ஜூனியர்கள் தங்கள் தவறை மறைப்பது குறைகிறது. மாணவி ஒன்றும் பேசாமல் ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் நோயாளிக்கு நிஜமாகவே கல்தான். பரவாயில்லை, பார்த்துவிட்டு எழுதினாரே.

ஜூன் 20, வெள்ளி

இன்றைய நாள் எனக்குச் சரியான அடி.

நிஜ நோயாளிகள் இருக்கும் இடத்தில் விளையாட்டு வேண்டாம் என்று நிர்வாகத்தில் ஒருவர் முதல் வாரமே சொல்லியிருந்தார். பழைய காலத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன். இன்று ஒத்திகை முடிந்து எண்ணினால் ஒரு சிரிஞ்ச் குறைகிறது. உள்ளே வெறும் தண்ணீர். மேலே "அட்ரினலின்" என்று ஒட்டியிருக்கும். அது நிஜ டிராலிக்குப் போய், நிஜ நோயாளிக்கு ஏற்றப்பட்டால்? இருபது நிமிடம் தேடினோம். ஒரு பயிற்சி மருத்துவரின் கோட்டுப் பையில் கிடைத்தது. நல்லவேளை என்று ஆளாளுக்குச் சொன்னோம்.

நானே அந்த நிர்வாகியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் நாற்காலியைக் காட்டினார். இருவரும் உட்கார்ந்து விதிகள் எழுதினோம். ஒத்திகைச் சாமான் எல்லாவற்றிலும் சிவப்பு டேப். எல்லாம் தனிப் பெட்டியில் மட்டும். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் இரண்டு பேர் எண்ண வேண்டும். எண்ணிக்கை இடித்தால் யாரும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. படுக்கைகள் நிரம்பியிருந்தால், ஆள் குறைவாக இருந்தால், ஒத்திகை ரத்து. ரத்து செய்யும் அதிகாரம் டியூட்டி சிஸ்டருக்கு, எனக்கு இல்லை. கடைசி வரி அவர் சேர்த்தது. கொஞ்சம் உறுத்தியது. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

சிஸ்டர் ரத்து செய்துவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

மறுபடி அதே ஒரு வயதுக் குழந்தை, ஆனால் டியூட்டியில் வேறு ஆட்கள். அலமாரிக்கு இப்போது பூட்டு இல்லை. ஆம்பு பேக் 20 விநாடியில் வந்துவிட்டது. பையைப் பிரித்த பெண் "ஒன்பது சலைன், ஒன்று மருந்து" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே கலந்தார். பக்கத்தில் இருந்தவர் திருப்பிச் சொன்னார். ஆனால் அழுத்துபவர்களை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற மறந்துவிட்டார்கள். ஒருவரே நான்கு நிமிடம் அழுத்திக் களைத்துப்போனார். ஆக, அடுத்த வாரத்துக்கு வேலை இருக்கிறது.

கலந்துரையாடலை இந்த முறை மூத்த சிஸ்டர் ஒருவரை நடத்தச் சொன்னேன். நான் பின்னால் ஸ்டூலில். அவர் ஒவ்வொருவரையும் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்கள் ஸ்டாப்வாட்சோடு நின்ற இடம் மானிட்டரை மறைத்தது. தம்பி இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அப்போது உங்கள் மனதில் என்ன ஓடியது?"

பதில் சொல்ல எனக்கும் ரொம்ப நேரம் ஆனது. தரையில் நாளை ஒரு டேப் ஒட்டப் போகிறோம், நான் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு.