அரில்யே: ராஸ்பெர்ரியால் பிழைக்கும் ஊர்

நமக்கு வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி எப்படியோ, மேற்கு செர்பியாவின் அரில்யேவுக்கு ராஸ்பெர்ரி அப்படி. மலைச்சரிவுகளில் சின்னச் சின்னக் குடும்பத் தோட்டங்கள். முக்கிய ரகம் வில்லமெட். ஊருக்குள் 13-ஆம் நூற்றாண்டு தேவாலயமும் உண்டு.

போன வருஷம் முளைத்த தண்டில்தான் இந்த வருஷம் காய்ப்பு. காய்த்து ஓய்ந்ததை அடியோடு வெட்டணும். இளந்தண்டையும் சேர்த்து வெட்டினால் அடுத்த வருஷம் பழமே இல்லை. ஜூன், ஜூலையில் கைப்பறிப்பு. பழத்தை இழுத்தால் நடுக்காம்பு செடியிலேயே நின்றுவிடும், உள்ளே வெறும் கூடு. ஆழமான கூடையில் கொட்டினால் அடியில் இருப்பது சாறுதான். பறித்த அன்றே குளிர்பதனக் கிடங்கு, மைனஸ் 18 டிகிரி. பழம் உடையாமல் முழுசாக உறைந்தால் 'ரோலெண்ட்', நல்ல விலை; நொறுங்கினால் 'கிரிஸ்', விலை சரியும். விலை சொல்வது கிடங்குக்காரர். நம்ம மண்டிக் கதையேதான்.