பஸ் ஓடும் நேரமும் பயணி நிற்கும் நேரமும்

நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் சின்னக் கணக்குதான். ஒரு தடத்தில் போய்த் திரும்பி, கடைசி நிறுத்தத்தில் சற்று நின்று மறுபடி கிளம்ப 120 நிமிடம் ஆகிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட வேண்டும் என்றால் 12 பஸ் தேவை. வகுத்தல் தெரிந்தால் போதும்.

வம்பு அந்த 120-இல் இருக்கிறது. சாலையில் வண்டிகள் பெருகி அது 140 ஆனால், அதே பத்து நிமிட இடைவெளிக்கு 14 பஸ் வேண்டும். கூடுதலாக இரண்டு பஸ், அவற்றுக்கு ஓட்டுநர், டீசல், பராமரிப்பு. இவ்வளவு செலவு செய்தும் பயணிக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. பணம் இல்லையென்றால் 12 பஸ்ஸே ஓடும், இடைவெளி நீளும். காத்திருந்து அலுத்தவர்களில் சிலர் சொந்த வண்டி வாங்குவார்கள். சாலை இன்னும் நெரியும், 140 என்பது 150 ஆகும். நெரிசலைக் கார்க்காரர்களின் தொல்லையாகவே எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குப் பஸ் நிர்வாகம் மாதாமாதம் கட்டும் தண்டத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

செலவைக் குறைக்கச் சொன்னால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது, கடைசி நிறுத்தத்தில் பஸ் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் மேல்தான். "வண்டி சும்மாதானே நிற்கிறது?" என்பார்கள். வழியில் ஏற்பட்ட தாமதம் அங்கேதான் கரைகிறது. ஓட்டுநர் கழிப்பறைக்குப் போய்வருவதும் அங்கேதான். அதை வெட்டினால் காலையில் பிடித்த தாமதம் இரவு டிப்போவுக்குத் திரும்பும்வரை வண்டியை விடாது. இப்படி நெருக்கிப் போட்ட ஓர் அட்டவணையைப் பார்த்த ஓட்டுநர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், உங்க பேப்பர்ல எல்லா சிக்னலும் பச்சையாவே இருக்கு."

அப்புறம், பஸ்கள் ஜோடி சேர்ந்து வருவது. அரை மணி நேரம் ஒன்றும் வராது, பிறகு இரண்டு சேர்ந்து வரும். ஓட்டுநர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது வேறு. ஒரு பஸ் சற்றுத் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் அதற்காக அதிகம் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏறி இறங்க நேரம் ஆகும், தாமதம் கூடும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். யாரும் தவறு செய்யாமலே இது நடக்கும்.

இதில் ஒரு கணக்கு எனக்கு இன்றும் பிடிக்கும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என ஒழுங்காக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே எண்ணிக்கைப் பஸ்கள் 2 நிமிடம், 18 நிமிடம் என மாறி மாறி வந்தால் அது 8 நிமிடத்தைத் தாண்டும். ஏனென்றால் நீண்ட இடைவெளியில்தான் பெரும்பாலோர் வந்து மாட்டுகிறார்கள். ஆனால் மாத அறிக்கையில் இரண்டும் ஒன்றுதான்: இத்தனை பஸ் ஓடியது, இத்தனை கிலோமீட்டர் ஓடியது. பஸ் ஓடியதை அளக்கிறோம், பயணி நின்றதை அளப்பதில்லை.

பஸ்ஸுக்குத் தனித்தடம் கேட்கும்போதெல்லாம் வரும் புகார், "அந்தத் தடம் காலியாகக் கிடக்கிறதே" என்பது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் மணிக்கு 1,800 பேர். சிக்னல் உள்ள நகரச் சாலையில் ஒரு தடத்தில் மணிக்கு ஆயிரம் கார் போனாலே பெரிது. காருக்கு ஒன்றரைப் பேர் என்று வைத்தாலும் 1,500தான். காலியாகத் தெரியும் தடத்தில்தான் அதிகம் பேர் போகிறார்கள். சியோல் நகரம் 2004-இல் சாலையின் நடுவே பஸ் தடங்களைப் போட்டு, வழித்தடங்களையும் கட்டண முறையையும் சேர்த்தே மாற்றியது. ஸ்டாக்ஹோம் 2006-இல் நகருக்குள் நுழையும் கார்களுக்கு ஏழு மாதம் கட்டணம் வசூலித்துப் பார்த்தது. போக்குவரத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மறு ஆண்டே அதை நிரந்தரமாக்கினார்கள்.

இவ்வளவு பேசினாலும், என் மேசைக்கு ஒரு வழித்தடம் வரும்போது அதன் தலையெழுத்து பெரும்பாலும் வேறு அலுவலகத்தில் எழுதப்பட்டிருக்கும். வீடு எங்கே, வேலை எங்கே, நடுவில் எவ்வளவு வெட்டவெளி என்பதெல்லாம் முடிந்த பிறகு, "இங்கே பஸ் விடுங்கள்" என்று கடிதம் வரும். பிரேசிலின் குரிச்சிபா நகரம் இதைத் தலைகீழாகச் செய்தது. 1966-இல் போட்ட பெருந்திட்டத்தில், நகரம் எந்த அச்சுகளில், அதாவது எந்தப் பெருஞ்சாலைகளை ஒட்டி, வளர வேண்டும் என்று முதலில் முடிவு செய்தார்கள். கட்டடக் கலைஞரான மேயர் ஜெய்மி லெர்னரின் காலத்தில், 1974 முதல், அந்த அச்சுகளில் பஸ்களுக்குத் தனித்தடம் வந்தது. உயரமான கட்டடங்களுக்கு அந்த அச்சுகளை ஒட்டியே அனுமதி, விலகிப் போகப் போக உயரம் குறையும். பஸ்ஸுக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கோபன்ஹேகனின் 1947-ஆம் ஆண்டுத் திட்டமும் இந்த வகைதான்: ரயில் பாதைகளை ஒட்டி விரல்கள்போலப் புறநகர், விரல்களுக்கு இடையே பசுமை.

எங்களுக்கு அப்படி வாய்ப்பது அரிது. நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டருக்கு, அதாவது ஐந்து நிமிட நடைக்கு, வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவோம். வட்டத்துக்குள் இருப்பவர்களுக்குப் பஸ் வசதி உண்டு என்று கணக்கு. வட்டத்துக்குச் சுற்றுச்சுவர் தெரியாது. ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு, படத்தில் எங்கள் நிறுத்தத்திலிருந்து 150 மீட்டர். சுவரைச் சுற்றி முன்வாசல் வழியாக வந்தால் ஒரு கிலோமீட்டர். புதிய பஸ் எதுவும் வேண்டாம், சுவரில் ஒரு சிறிய கதவு வையுங்கள் என்று எழுதினோம். பாதுகாப்பு, பராமரிப்பு என்று நெடுநாள் இழுத்து, ஒருவழியாக வைத்தார்கள். இரவு ஒன்பதுக்கு அதைப் பூட்டிவிடுகிறார்கள். எங்கள் கடைசி பஸ் பத்தே முக்காலுக்கு. பூட்டும் நேரத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி மறுபடி எழுதியிருக்கிறோம்.