துடுப்பை மடியில் வைத்த பிறகு

போன ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு தெலுக் பஹாங் கடற்கரையில் கயாக்கை, அதாவது உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான சின்னப் படகை, தண்ணீரில் இறக்கினேன். பறவைப் படம் எடுக்கிறவன் நாலு மணிக்கே எழ வேண்டும் என்பார்கள், பினாங்கில் அந்தக் கஷ்டம் கிடையாது. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள், அதனால் பிப்ரவரியில் சூரியன் எழவே ஏழரை மணி ஆகிவிடுகிறது. நிதானமாகத் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டுப் போகலாம்.

அங்கிருந்து மேற்கே, தேசியப் பூங்காவின் கரையை ஒட்டியே தெலுக் டுயோங் பக்கம் துடுப்புப் போடுவது என் வழக்கம். 2003ல் பூங்காவாக அறிவித்த காடு, மரங்கள் பாறை வரைக்கும் இறங்கி நிற்கும். காலையில் மேற்கே போனால் வெயில் நம் முதுகில் விழும், எதிரே இருக்கிற பறவையின் முகத்தில் வெளிச்சம் நேராகப் படும். திரும்பி வரும்போது எல்லாம் எதிர்வெளிச்சம்தான், அதனால் எடுக்க வேண்டியதைப் போகும்போதே எடுத்துவிட வேண்டும்.

முதல் சில தடவை நான் பறவைகளைத் துரத்திக்கொண்டுதான் போனேன். கொக்கைப் பார்த்தால் வேகமாகத் துடுப்புப் போடுவேன், அது எழுந்து நூறு அடி தள்ளிப்போய் உட்காரும், மறுபடியும் நான், மறுபடியும் அது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்டு முழுக்க வால் பக்கம்தான். துடுப்பு ஏறி இறங்குவதும் அதன் ஈரத்தில் வெயில் பட்டு மின்னுவதும் பறவைக்கு எவ்வளவு பெரிய மிரட்டல் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்போதெல்லாம் தூரத்திலேயே நிறுத்திவிடுவேன். துடுப்பை மடியில் குறுக்கே வைத்துவிட்டு, நீரோட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போவது. எவ்வளவு நெருங்கலாம் என்பதை அந்தப் பறவையே சொல்லிவிடும்.

அப்படித்தான் அந்த மீன்கொத்தி கிடைத்தது. கழுத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நீலப் பறவை, இங்கே கரையோரமெல்லாம் கத்திக்கொண்டு திரியும். மீனவர்கள் நட்டுவைத்த ஒரு கழியின் மேல் உட்கார்ந்திருந்தது, அலகில் ஒரு சின்ன நண்டு. கயாக் பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்துகொண்டே போய் சுமார் எட்டு மீட்டரில் நின்றது. நண்டை இடப்பக்கம் ஒரு அடி, வலப்பக்கம் ஒரு அடி என்று கழியிலேயே மாற்றி மாற்றி அடித்தது. ஒரு கால் பிய்ந்து தண்ணீரில் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. என்னை ஒரு தடவை பார்த்தது, அப்புறம் நண்டை முழுங்கிவிட்டு அலகைக் கழியில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டது. படகுத்துறை மேலே நின்று எடுத்திருந்தால் அதன் முதுகுதான் வந்திருக்கும். கயாக்கில் நம் கண் தண்ணீருக்கு இரண்டு மூன்று அடி மேலேதான் இருக்கிறது, அதனால் பறவையை நேருக்கு நேர் பார்க்கிறோம், பின்னால் தண்ணீர் ஒரே சாம்பல் நிறமாகக் கரைந்து போகிறது. இந்தக் கோணத்துக்காகவே நான் கயாக்கை விடமாட்டேன்.

சரி, கேமரா விஷயம். முக்காலி வைக்க வழியில்லை, கடல் அசைந்துகொண்டே இருக்கும், ஆகவே ஷட்டர் வேகம் நொடியில் 1600ல் ஒரு பங்குக்குக் கீழே நான் இறங்குவதில்லை, ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறினால் ஏறட்டும். லென்ஸ் மாற்றுவதெல்லாம் கரையிலேயே. எடுக்காத நேரமெல்லாம் கேமரா கால்களுக்கு நடுவே தண்ணீர் புகாத பையில் இருக்கும். சுற்றுலாப் படகு ஒன்று பக்கத்தில் விரைந்து போனால் அதன் அலை கொஞ்ச நேரம் கழித்துத்தான் நம்மிடம் வரும், அதற்குள் கேமராவைப் பையில் போட்டு, கயாக்கின் மூக்கை அலைப் பக்கம் திருப்பிவிட வேண்டும். பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்த்துவிடும்.

எட்டரைக்குக் கருடன் வந்தது. செம்பருந்து என்றும் சொல்வார்கள், வெள்ளைத் தலை, செங்காவி உடம்பு. இந்தத் தலை வெயிலில் வெளுத்து ஒன்றுமில்லாமல் போகும், அதனால் கேமராவில் படம் பதியும் வெளிச்சத்தை முன்கூட்டியே கொஞ்சம் குறைத்து வைத்திருந்தேன். லங்காவியில் சில படகுக்காரர்கள் கோழித் தோலையும் குடலையும் வீசி இதே பறவைகளைக் கூட்டமாக வரவழைத்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. தானாக மீன் பிடிக்கத் தெரிந்த பறவையைக் கையேந்த வைப்பது பாவம். அன்றைக்கு நான் பார்த்த கருடன் இரண்டு வட்டம் அடித்து, இறக்கையைப் பாதி மடக்கி இறங்கி, தண்ணீரின் மேலாகவே கால்விரலால் ஒரு மீனைக் கிள்ளிக்கொண்டு போனது. ஒன்பது படம் எடுத்தேன், இரண்டில் கண் தெளிவாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவில் படிந்த உப்பைத் துடைப்பது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோயில் கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிடுவதற்காக அண்ணாந்து காத்து நின்றவர். திரையில் அந்தப் படத்தைக் காட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார், அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "காலில என்னா மீனுடா அது?" என்றார். பெரிதாக்கி இரண்டு பேரும் பார்த்தோம். மத்தி மாதிரி இருந்தது.