ஏரி வேலையின் எம்-புக்கைப் பார்த்த அனுபவம்

ஏரி வேலையை யார் மேற்பார்க்கிறார்கள் என்று எங்கள் ஊரில் கேட்டால் பாதிப் பேர் கலெக்டர் என்பார்கள், மீதிப் பேர் யாருமே இல்லை என்பார்கள். ஓமலூர் பக்கத்து ஊர் எங்களுடையது. சேர்வராயன் மலையில் உற்பத்தியாகும் சரபங்கா ஆறு ஓடுகிற பகுதி. எங்கள் ஏரியில் கரையைப் பலப்படுத்தி, வரத்து வாய்க்காலைத் தூர்வாரும் வேலை முடிந்தது என்று சொன்னார்கள். "ஏரிய வெட்டுனாங்களா, மேலாப்புல சொறிஞ்சுட்டுப் போனாங்களா?" என்று பெரியப்பா டீக்கடையில் ஆரம்பித்தார். சத்தம் போடுவதை விட்டுவிட்டு, எழுதி வைத்த கணக்கையே பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் ஏரி யாருடைய பொறுப்பு என்று தெரிய வேண்டும். பொதுவாக ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். எங்களுடையது எந்தப் பக்கம் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன், வழிமுறை இரண்டுக்கும் ஒன்றுதான். கணக்கைக் கேட்டுப் போடும் மனு அலுவலகம் மாறிப் போய்விட்டாலும் பயம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பியாக வேண்டும்.

மனு எழுதும்போது "ஏன் சரியாக வேலை செய்யவில்லை?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. சட்டம் தருவது கோப்பில் இருப்பதை மட்டும்தான். அதனால் ஆவணத்தின் பெயரைச் சொல்லியே கேட்டேன்: எஸ்டிமேட், ஒப்பந்தம், வேலையின் அளவுகளை எழுதும் எம்-புக், தரச் சோதனை அறிக்கை. கூடவே, ஆவணங்களையும் வேலை நடந்த இடத்தையும் நேரில் ஆய்வு செய்யவும் கேட்டேன். பலருக்கு இது தெரியாது, கட்டுமானப் பொருளில் சான்றளித்த மாதிரி எடுக்கக்கூட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாள் தாண்டியும் பதில் வரவில்லை. முதல் மேல்முறையீடு போட்டேன், உடனே ஆய்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

எம்-புக் என்பது அளவுப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டிருக்கும், கிழிக்க முடியாது. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். உதவிப் பொறியாளர் இடத்தில் நின்று அளந்து எழுதுவார். உதவி செயற்பொறியாளர் அதில் ஒரு பகுதியை மறுபடி அளந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார், இதற்கு செக் மெஷர்மென்ட் என்று பெயர். அதற்கு மேலே செயற்பொறியாளர். காண்ட்ராக்டரின் பில் இந்தப் புத்தகத்திலிருந்துதான் பிறக்கிறது. மேற்பார்வை என்று நாம் பெரிதாகச் சொல்வதெல்லாம் கடைசியில் இந்தக் கையெழுத்துகள்தான்.

மண் வேலையில் உயிர்நாடி முதல் மட்டம். ஜேசிபி இறங்கும் முன்பே ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைத்து, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு குறுக்குவெட்டு என்று தரை மட்டத்தைப் பதிய வேண்டும். வெட்டி முடித்ததும் அதே இடத்தில் மறுபடி எடுப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கன மீட்டர், கன மீட்டர்தான் பணம். முதல் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி எழுதிவிட்டால் வெட்டாத மண்ணும் வெட்டியதாகிவிடும். அதற்கப்புறம் யார் வந்து பார்த்தாலும் தண்ணீருக்கடியில் என்ன தெரியும்?

எஸ்டிமேட்டைப் புரட்டியதும் பெரியப்பாவின் சண்டை பாதி கலைந்தது. நடு ஏரியை வெட்டும் வேலையே அதில் கிடையாது. கரையை ஒட்டிய பகுதியும் வாய்க்காலும் மட்டும்தான். கரைப் பக்கக் கணக்கில் எனக்குக் குறை தெரியவில்லை. கல் பதித்த நீளத்தைக்கூட முடிந்த வரைக்கும்தான் எழுதியிருந்தார்கள்.

வாய்க்கால்தான் இடித்தது. கடைசிப் பகுதியில் சீமைக் கருவேலம் அப்படியே நிற்கிறது, தண்டு தொடை கனம். உள்ளே மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்கவே வழியில்லை. அந்த இடத்துக்குப் புத்தகத்தில் இரண்டு மட்டமும் அழகாக இருந்தன. செக் மெஷர்மென்ட் கையெழுத்து மட்டும் அந்தப் பக்கங்களில் இல்லை. இறுதி பில் இன்னும் போகவில்லை என்றும் அங்கேயே தெரிந்தது. பக்கம் 2 ரூபாய் கட்டி நகல் வாங்கினேன். போட்டோவையும் சேர்த்து, ஊர்க்காரர்கள் முன்னிலையில் கூட்டாக அளக்கும்படி ஆயக்கட்டுக்காரர்கள் கையெழுத்துடன் செயற்பொறியாளருக்கு மனு கொடுத்தோம்.

வந்தார்கள். "நீங்களே கோலைப் புடிங்க சார்" என்று என் கையில் கொடுத்தார் அந்த உதவி செயற்பொறியாளர். முள்ளுக்குள் நுழையவே முடியாத இடத்தில் அவரே போதும் என்று நிறுத்திவிட்டார். அந்த நீளத்தை அடித்து, சுருக்கொப்பம் போட்டு, அளவைக் குறைத்து எழுதினார்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் திருப்தி இல்லை. நடு ஏரிக்குத் தனியாக எஸ்டிமேட் போடச் சொல்லி, சேலம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க வேண்டுமாம். எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். வண்டல் எங்கெங்கே எவ்வளவு ஆழம் என்று இப்போதே கம்பு நட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறோம்.