மரத்தடியில் நால்வர்

மார்ச் 4

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் கோட்டோவியம் ஒன்றை மாலை முழுக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தடியில் நான்கு பெரியவர்கள் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லாத தாள். பழுப்பு மைக்கோடுகள், மேலே நீர்த்த மைப்பூச்சு. முகலாயச் சிற்றோவியத்தைப் பார்த்து வரைந்தது என்பதில் தகராறு இல்லை. ஏறக்குறைய இதே அமைப்புள்ள சிற்றோவியம் வியன்னாவின் ஷோன்புருன் அரண்மனைச் சுவரில் இருக்கிறது. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் அந்த மூலம் யார் கையில் இருந்தது? ரெம்பிராண்டின் சொந்தமா, இரவலா?

மார்ச் 6

சொந்தம் என்பவர்கள் காட்டும் சான்று 1656 உடைமைப் பட்டியல். அந்த ஆண்டு கடனில் மூழ்கி நொடித்துப்போனார். வீட்டுச் சாமான்களை அறை அறையாக எழுதினார்கள். அதில் ஓர் ஆல்பம்: அபூர்வமான சிற்றோவியங்கள், கூடவே பலவகை உடைகளைக் காட்டும் மர அச்சு, செப்பு அச்சுப் படங்கள். எந்த நாட்டுச் சிற்றோவியம் என்று எழுதவில்லை. அதே பட்டியலில் வேறு பொருள்களுக்குக் கிழக்கிந்தியா என்று குறித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மார்ச் 9

தாளைப் பற்றிப் படித்தேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் வந்த ஜப்பானியத் தாள். மெலிசு, லேசான பொன்னிறம். நீர்க்குறி (தாளுக்குள் பதியும் தயாரிப்பாளர் அடையாளம்) கிடையாது, அதனால் தாளை வைத்து ஆண்டு கண்டுபிடிக்க வழியில்லை. 1656 முதல் 1661 வரை என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

எனக்குப் பெரிய சான்றாகத் தெரிவது கோடுகள்தான். நாலே வீச்சில் ஆளை நிறுத்திவிடுகிற கை, இங்கே தலைப்பாகையின் மடிப்பையும் தாடியையும் பொறுமையாகப் பின்தொடர்கிறது. முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்த இதே வரிசையில் ஷாஜஹானைப் பலமுறை வரைந்திருக்கிறார். அப்போது உயிரோடிருந்த அரசர்! ஒரு பார்வையில் நினைவில் வாங்கி வரைந்ததல்ல இது. மூலம் பக்கத்திலேயே, அவசரமில்லாமல் இருந்திருக்கிறது. ஆனால் இரவல் பொருளும் மாதக்கணக்கில் மேசையில் கிடக்கலாமே.

மார்ச் 10

1656 தேதியிட்ட அவரது எட்சிங் (அமிலத்தால் அரித்த தகட்டில் எடுக்கும் அச்சுப்படம்): ஆபிரகாம் தேவதூதர்களுக்கு விருந்து வைக்கிறார். விருந்தினர் தரையில், நம் பெரியவர்களைப் போலவே அமர்ந்திருக்கிறார்கள். அப்படியானால் நால்வர் படம் அதற்கு முந்தியதாக இருக்க வேண்டும். சிற்றோவியங்களை விற்கும் முன் நினைவுக்காக நகலெடுத்தார் என்ற விளக்கம் காலத்தோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் ஊகம்தான்.

மார்ச் 15

ஷோன்புருன் உதவாது. 1760களில் அங்கே சிற்றோவியங்களைப் பதித்து ஓர் அறையை அலங்கரித்தபோது அவற்றை வெட்டி, ஒட்டி, சட்டகத்துக்கேற்ப மாற்றிவிட்டார்கள். ஓரத்தில் பழைய உரிமையாளரின் எழுத்து இருந்திருந்தாலும் போயிருக்கும். இதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

கோட்டோவியத்தின் பக்கமே உறுதியான தகவல் இருக்கிறது. லண்டன் ஓவியர் ஜோனதன் ரிச்சர்ட்சன் இறந்தபின் 1747இல் நடந்த ஏலத்தில், ரெம்பிராண்டின் இந்திய வரைபடங்கள் 25 கொண்ட ஒரு புத்தகம் வந்தது. ரெம்பிராண்ட் இறந்து எண்பது ஆண்டு ஆகப்போகும் நேரத்திலும் அவை ஒன்றாக இருந்திருக்கின்றன. அதன் பின்தான் சிதறின. இந்தத் தாள் ஜான் மால்கம் என்பவரின் சேகரிப்பு வழியாக 1895இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது.

என்னைக் கேட்டால், கோட்டோவியத்தின் உரிமையாளர் வரிசையை ரிச்சர்ட்சனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1656 ஆல்பத்தை அடிக்குறிப்பில், 'இருக்கலாம்' என்ற சொல்லோடு வைத்தால் போதும்.