கொருக்குப்பேட்டை கேட்டும் ஒரு சிவப்பு டியூபும்

பிளஸ் டூ முடித்தபோது நர்சிங் போவதாகத்தான் இருந்தேன். எதிர்வீட்டு அக்கா டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டெக்னீஷியன் டிப்ளமா) படித்து வண்ணாரப்பேட்டையில் ஒரு லேப்பில் இருந்தார். “லேப்புக்கு வா, நைட் டியூட்டி இருக்காது” என்றார். அது முழுப்பொய் என்று பிற்பாடு தெரிந்தது.

டி.எம்.எல்.டி. என்றால் இரண்டு வருடம். நான் பி.எஸ்சி. எம்.எல்.டி. சேர்ந்தேன். மூன்று வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். அப்போது நீட் கிடையாது, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத்தான் ரேங்க். விண்ணப்பம் சுலபம், சான்றிதழ்தான் அலையவைத்தது. டி.சி.யில் ஒரு இனிஷியல், சாதிச் சான்றிதழில் வேறொரு இனிஷியல். திருத்தி வாங்குவதற்குள் இரண்டு செருப்பு தேய்ந்தது. சேரப் போகிறவர்கள் அதை இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்டர்ன்ஷிப்பில் நான் முதன்முதலாக ரத்தம் எடுக்க ஊசி குத்தியது, ஹார்பரில் மூட்டை தூக்கும் ஒரு அண்ணனுக்கு. கையில் நரம்பு தாம்புக்கயிறு மாதிரி புடைத்திருந்தது. அதையும் தவறவிட்டேன். அவர் இன்னொரு கையை நீட்டி, “பயப்படாம குத்தும்மா” என்றார். நாலைந்து மாதத்தில் கை பழகிவிட்டது. கண் பழகத்தான் நாளானது. மலேரியாவுக்கு லீஷ்மேன் ஸ்டெயின் என்ற சாயம் போட்ட ரத்த ஸ்லைடைப் பார்க்கும்போது ஆரம்பத்தில் சாயத் துணுக்கெல்லாம் எனக்குக் கிருமியாகத்தான் தெரிந்தது.

முதல் வேலை ஒரு தனியார் லேப்பில், சம்பளம் 11,500. மெஷின் பட்டனைத் தட்டினால் ரிசல்ட் வந்துவிடும் என்று நானும் கொஞ்சம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு நாள் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பாட்டியின் ரத்தம் வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 86. எல்லைக்குள் இருக்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத நம்பர். ரிப்போர்ட்டை அனுப்பப் போனேன். பக்கத்திலேயே அவருடைய ஹெச்.பி.ஏ1சி. இருந்தது: 7.4. கிட்டத்தட்ட மூன்று மாதச் சராசரி அவ்வளவு ஏறியிருக்க, காலைச் சர்க்கரை மட்டும் எப்படி இவ்வளவு சாது? பழைய ரிப்போர்ட்டைத் தேடினேன். போன மாதம் 138.

டியூபை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு மூடி. சர்க்கரைக்கு சாம்பல் மூடி டியூபில்தான் எடுக்கவேண்டும், அதில்தான் சர்க்கரை குறையாமல் தடுக்கும் ஃப்ளோரைடு இருக்கும். வெறும் டியூபில் ரத்தம் அப்படியே கிடந்தால் அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், நம் ஊர் வெயிலில் பை சூடானால் இன்னும் வேகம். ஃப்ளோரைடு போட்டாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், ஆனால் அதோடு நின்றுவிடும்.

கலெக்‌ஷனுக்குப் போன தம்பிக்கு போன் போட்டேன். காலை ஆறரைக்கு ரத்தம் எடுத்திருக்கிறான். அப்புறம் தண்டையார்பேட்டையில் நாலு வீடு. போகும்போதும் வரும்போதும் ரயில்வே கேட் மூடிக் கிடந்திருக்கிறது. சரக்கு ரயில். லேப்புக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. “சாம்பல் டியூப் காலிக்கா. ஒரே ரத்தம்தானே, சிவப்புலயே எடுத்துக்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க.”

ரிப்போர்ட்டை நிறுத்திவைத்தேன். மேனேஜர் முகம் சுளித்தார். மறுபடி ரத்தம் எடுத்தால் பணம் கேட்க முடியாது, பெட்ரோல் வேறு. மூத்த டெக்னீஷியன் அக்கா மட்டும், “அந்த 86-ஐப் பார்த்து மாத்திரையைக் குறைச்சா யாரு பொறுப்பு?” என்று ஒரே கேள்வி கேட்டார். மேனேஜர் பதில் சொல்லாமல் எழுந்து போனார்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் நானே பாட்டி வீட்டுக்குப் போனேன். சாம்பல் டியூபில் எடுத்து அரை மணியில் லேப்பில் சேர்த்து, உடனே டியூபை மெஷினில் சுழற்றி, சர்க்கரையைப் பார்த்தேன். 131.

சாயங்காலம் ரிப்போர்ட்டைக் கொடுத்தபோது பாட்டிக்கு ஒரே வருத்தம். “நேத்து அந்தத் தம்பி போன்ல 86-ன்னு சொல்லிச்சே, அதையே போட்டுக் குடுத்திருக்கலாம் இல்ல?” கேட்டுவிட்டு, குடிக்க டீ கொடுத்தார். அதில் மூன்று ஸ்பூன் சர்க்கரையாவது இருந்திருக்கும். தனக்கும் அதே பாத்திரத்திலிருந்துதான் ஊற்றிக்கொண்டார்.